எர்த் விட்ட வண்டி

கோவில்பட்டி பம்ப் ஹவுஸ் தெருவில் சண்முகக்கனியின் வெள்ளைக் கார் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பியது ஆயுத பூஜைக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு; அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை என்பதால் தெருவே குடத்தோடு வெளியில் நின்றது, ஆகையால் பார்க்காதவர் என்று யாருமில்லை, பார்த்தவர்களிலும் குடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஓடி வந்தவர் யாருமில்லை, ஏனென்றால் தண்ணீர் ஏழு மணிக்கு நின்றுவிடும், கார் எங்கே போய்விடப் போகிறது.

வெயில் ஏறுவதற்குள் வண்டியை வேப்பமரத்து நிழலுக்கு மாற்றிவிடலாம் என்றுதான் கனி ஏறினாள். சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு ‘டிக்’. ஐந்தாவது தடவை அலுத்துப்போய்க் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தபோது, தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இல்லை. குப்புற விழப்போனவளை அடுத்த வீட்டுப் பூரணத்தம்மாள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

“பாத்து இறங்கு கனி. வண்டி தூக்கிருக்கு,” என்றாள், கரண்டு போயிருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்.

கனிக்கும் அது பெரிய ஆச்சரியமாகத் தோன்றவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்பது ஒன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

அவள் புருஷன் கோமதிநாயகம் இருபத்திரண்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர், அதில் கடைசிப் பதினோரு வருஷம் இதே கார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்திவிட்டன. அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினோடு படுத்து, ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த தவணை வரைக்கும் உயிர். போகும்போது உடம்பெல்லாம் நீர் கோத்து வலி, வரும்போது நிற்கக்கூட முடியாத அசதி, பஸ்ஸெல்லாம் அவருக்கு ஆகாது. அதனால் நாற்பத்து நாலாவது வயதில் கனி கார் ஓட்டப் பழகினாள். ஓட்ட மட்டும்தான் பழகினாள். பானெட்டைத் திறப்பது, உள்ளே குனிவது, கையைக் கருப்பாக்கிக்கொள்வது எல்லாம் அவருடைய இலாகா என்று விட்டுவைத்திருந்தாள்.

மெக்கானிக் சவரிமுத்து எட்டு மணிக்கு வந்தான். நாயகத்தை அண்ணாச்சி என்றும் கனியை மதினி என்றும் கூப்பிடுகிறவன், தொழிலில் சூரன், கோபத்தில் அதைவிடச் சூரன். குனிந்து டயருக்கு அடியில் கையை விட்டுப் பார்த்து, “ஜாக்கி வைக்கிற வேலை மிச்சம்,” என்றான். பிறகு பானெட்டைத் திறந்து, பல்பில் இரண்டு வயர் கட்டிய டெஸ்ட் லேம்பை அங்கே ஒரு முனை இங்கே ஒரு முனையாக வைத்துப் பார்த்தான். பல்பு ஒரு இடத்தில் பளிச்சென்று எரிந்தது, இன்னொரு இடத்தில் மினுங்கி அணைந்தது. நிமிர்ந்து கையைத் துடைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, சொன்னான்:

“மதினி, எர்த் விட்டுருக்கு.”

டீக்கடை ராஜாமணிக்கு வாய் சும்மா இருக்குமா. “அதத்தான் ஆறரை மணில இருந்து நாங்களும் பாத்துக்கிட்டு நிக்கோம். முழுசா ஒரு சாண் விட்டுருக்கு. இதைக் கண்டுபிடிக்க ஒரு மெக்கானிக்கா?”

தெரு கொல்லென்று சிரித்தது. கனியும் சிரித்தாள்; அதுதான் அவள் செய்த தப்பு. சவரிமுத்துவின் முகம் சுண்டிவிட்டது. “தொழில் தெரிஞ்சவன் சொல்லுதேன், சிரிக்கீங்க. அப்ப நீங்களே பாத்துக்கிடுங்க,” என்று ஸ்பானரைப் பைக்குள் எறிந்து பைக்கை உதைத்துக் கிளப்பிப் போனவன், அன்று மதியமே ஷெட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு உவரி கோயிலுக்குக் கிளம்பிவிட்டான். போனையும் அணைத்துவிட்டான்; பூஜை லீவு என்று மற்ற ஷெட்டுகளும் திங்கள் வரைக்கும் பூட்டித்தான் கிடந்தன.

சிரிப்புச் சத்தம் கேட்டு நாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், பிறகு ராஜாமணி கைகொடுக்க, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் முகத்தில் இரண்டு வருஷமாகக் கிடந்த சுருக்கம் ஒவ்வொன்றாக விலகுவதைக் கனி கண்ணாலேயே பார்த்தாள்.

“கனி,” என்றார் மெதுவாக, “இங்க வலியே இல்லட்டி.”

வெள்ளிக்கிழமை காலை கனி பேசிவைத்த வாடகைக் கார் வாசலில் வந்து நின்றபோது அவர் இறங்க மாட்டேன் என்றார். இரவும் அங்கேயேதான் இருந்திருந்தார், கனி சோற்றை ஊட்டிவிட்டது, துணி மாற்றியது எல்லாம் அங்கேதான். அவர் ஒரு காலை எடுத்துத் தரையில் வைத்துப் பார்த்தார். உடம்பின் கனம் மொத்தமும் அந்த ஒற்றைக் காலுக்கு வந்து சேர்ந்தது, குழந்தை மாதிரி அழுதுவிட்டார், காலை உள்ளே இழுத்துக்கொண்டு ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துக்கொண்டார். அப்படி அழுகிறவரைப் பிடித்து இழுக்க யாருக்குக் கை வரும். வாடகைக் கார் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. போனில் டாக்டர், “ஒரு தவணை விட்டதே தப்பும்மா. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள வரலேன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல,” என்றார். அவர் வண்டியை விட்டு வர மாட்டார் என்றால் வண்டியையே திருநெல்வேலிக்கு ஓட்டிப் போவது என்று கனி அந்த நிமிஷமே முடிவு கட்டினாள்.

தெருவின் முடிவு வேறாக இருந்தது. பதின்மூன்று வருஷமாக வண்டி நின்று நின்று பெருக்கவே முடியாமல் கிடந்த இடத்தைப் பெண்கள் அன்றே பெருக்கித் தெளித்து, வண்டிக்கு அடியிலேயே பெரிய கோலமாகப் போட்டார்கள். ராஜாமணி இரண்டு பெஞ்சைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டான். நகராட்சியில் ஆக்கிரமிப்பு பார்க்கிற ஆள் ஒருவர் வந்து, வண்டி பொது இடத்தில் நிற்கவில்லை, பொது இடத்துக்கு மேலே நிற்கிறது, அதற்கு விதியில் இடமில்லை என்று எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். ஒன்பது வருஷமாக முழங்கால் வலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பூரணத்தம்மாள் பின்சீட்டில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கி, படி ஏறி மொட்டைமாடிக்குப் போய்க் காட்டினாள். அவ்வளவுதான், சனிக்கிழமை விடிவதற்குள் இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, குதிகால் வாதம் என்று கடலைமிட்டாய் ஆபீஸ் பெண்களும் தீப்பெட்டி ஆபீஸ் பெண்களும் வரிசையில் வந்து நின்றார்கள், பூரணத்தம்மாள் அவர்களைப் பின்சீட்டுக்கு மும்மூன்று பேராக ஏற்றி இறக்கினாள், முன்சீட்டில் இருக்கிற நாயகத்தை எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அவரும் சும்மா இல்லை, கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்ண ஆரம்பித்திருந்தார். காலையில் முதல் வேலையாக பூரணத்தம்மாள் ஒரு செம்பு மஞ்சள்தண்ணீரை பானெட் இடுக்கு வழியாக ஊற்றுவாள், ஊற்றின அரை மணியில் வண்டி ஒரு விரற்கடை மேலே ஏறும், தெரு குலவையிடும்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் கனி வேலை பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவருடைய டூல்ஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது என்று ஆரம்பித்தாள். ஹெட்லைட்டைப் போட்டாள், எரிந்தது. ஹாரனை அமுக்கினாள், அடித்தது. அப்படியானால் பேட்டரி செத்துப்போகவில்லை. ஆனாலும் சந்தேகத்துக்கு பேட்டரியின் மூடிகளைத் திறந்து குறைந்திருந்த அறைகளுக்குத் தண்ணீர் விட்டாள், பிளஸ் மைனஸ் இரண்டு முனையிலும் பச்சை பூத்துக் கிடந்ததை வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றி, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, இறுக்கி, வாஸ்லின் தடவினாள். சாவியைத் திருப்பினாள். ‘டிக்.’

ஃபியூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், கம்பி எதிலும் அறுந்திருக்கவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இஞ்சினை முதலில் சுற்றிவிடுகிற அந்த செல்ஃப் மோட்டாரைக் கண்டுபிடித்து சுத்தியலின் மரப்பிடியால் தட்டினாள், சிக்கிக்கொண்டிருந்தால் தட்டினால் விடும் என்று நாயகம் எப்போதோ யாரிடமோ சொன்னது நினைவிருந்தது, அது விடவில்லை. பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளில் உரசி, கரியை ஊதி, திரும்ப மாட்டினாள். ‘டிக்.’ வெள்ளி போயிற்று, சனி போயிற்று, ஞாயிறும் போயிற்று, அவளுடைய பத்து விரலிலும் கருப்பு ஏறி சோப்புக்கு அசையவில்லை, ஆனால் ஒவ்வொன்றாக இது இல்லை, இது இல்லை என்று தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் கள்ளன் என்ற ஒரு பிடிவாதம் அவளுக்கு வந்துவிட்டது. அவளுக்குப் பிடிவாதம் புதிதும் இல்லை, அவரைக் கட்டியதே அப்படித்தான்.

எல்லாம் தெரிந்த மனுஷன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, எதுல கோளாறுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“கோளாறு எங்க இருக்கு? எல்லாம் இப்பத்தான் சரியா இருக்கு.”

“உங்க முகம் வீங்கிருக்கு. காலைப் பாருங்க, அமுக்குனா குழி விழுது.”

“வலிக்கலியேட்டி.”

திங்கட்கிழமை காலையில் ராஜாமணியின் லோடு ஆட்டோவைக் கெஞ்சி வாங்கி எதிரில் நிறுத்தினாள், அதன் பேட்டரியிலிருந்து கரண்டு கடன் வாங்கிப் பார்க்கலாம் என்று. சிவப்பு வயரைப் பிளஸ்ஸுக்கும் பிளஸ்ஸுக்கும் மாட்டினாள். கருப்பு வயர் நீளம் போதவில்லை, காரின் மைனஸ் முனை எட்டவில்லை. எரிச்சலில் அதன் கிளிப்பை கைக்கு எட்டின இடத்தில், இஞ்சினின் வெறும் இரும்பிலேயே கடிக்க விட்டாள். அடுத்த கணம் கார் நாலு விரற்கடை இறங்கியது. பின்சீட்டில் இருந்த மூன்று பெண்களும் ஒரே நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கிளிப்பை எடுத்தாள், ஏறியது. மாட்டினாள், இறங்கியது.

அப்போதுதான் அவளுக்குச் சவரிமுத்து சொன்னது காதில் விழுந்தது, அவன் சொல்லி நாலு நாளைக்குப் பிறகு. அவன் தரையைச் சொல்லவில்லை. வண்டிக்குள்ளேயே ஒரு எர்த் இருக்கிறது. பிளஸ்ஸிலிருந்து புறப்பட்டுப் போன கரண்டு விளக்கை எரித்து, மோட்டாரைச் சுற்றி, வேலை முடிந்ததும் வண்டியின் இரும்பு வழியாகத்தான் மைனஸுக்கு வீடு திரும்ப வேண்டும், அந்த வழி இஞ்சினிடம் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. வீடு திரும்ப வழியில்லாத வண்டிதான் இப்படி அந்தரத்தில் நிற்கிறது. ஊரே அவனைப் பார்த்துச் சிரித்ததை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“கனி, இறக்கிராதே,” என்றாள் பூரணத்தம்மாள். அவள் பின்னால் வரிசை முழுவதும் நின்றது. “நான் படியேறி ஒன்பது வருசம் ஆச்சு. உன் வீட்டுக்காரரே அழுகாம இருக்காருல்லா. ஆஸ்பத்திரில குத்திக் குத்திப் பாத்ததுக்கு இது தேவலை இல்லியா?”

வியர்த்திருந்த புருஷனின் முதுகைத் துடைக்கப் போன கனி, துண்டோடு சேர்ந்து தன் கை அவருக்கும் சீட்டுக்கும் நடுவில் தங்குதடையில்லாமல் போய் அந்தப் பக்கம் வந்ததைப் பார்த்தாள். உட்கார்ந்திருந்தார், ஆனால் எதன் மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் கண் செருகியிருந்தது, உதட்டில் ஒரு சிரிப்பு இருந்தது, அந்தச் சிரிப்பு கனிக்குப் பிடிக்கவே இல்லை.

“மைனி, உங்க கையைக் குடுங்க,” என்றாள். பூரணத்தம்மாளின் கையைப் பிடித்து அதே இடுக்கில் விட்டாள். “என்ன இருக்கு?”

பூரணத்தம்மாள் கையை வெகுநேரம் உள்ளேயே வைத்திருந்தாள். பிறகு வெளியே எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“ஒண்ணும் இல்ல,” என்றாள்.

“நாளைக்கு இவ்வளவு மேல போவாரு. மறுநாள் இன்னும் கொஞ்சம். உங்களுக்கெல்லாம் வலி போகுது மைனி, எனக்கு ஆளே போறாரு.”

பூரணத்தம்மாள் திரும்பி வரிசையைப் பார்த்து, “இன்னைக்கு அவ்வளவுதான், எல்லாரும் இறங்குங்க,” என்றாள். அப்படிச் சொல்ல அவளுக்கு என்ன கஷ்டமாக இருந்திருக்கும் என்பது அவளுடைய முழங்காலுக்குத்தான் தெரியும்.

இஞ்சினின் அடிப்பக்கத்திலிருந்து வண்டியின் பாடிக்குப் போகிற ஒரு பின்னல் செம்புப் பட்டையைக் கனி கண்டுபிடித்தாள், பன்னிரண்டாம் நம்பர் போல்ட்டு ஒன்று அதை இஞ்சினோடு இறுக்கியிருந்தது, வெளியே பார்க்க எந்தக் குறையும் இல்லை. ஸ்பானரைப் போட்டு முழுமூச்சாகத் திருகினாள். போல்ட்டு கையோடு வந்தது, இருந்த கொஞ்சநஞ்சப் பிடிப்பும் போயிற்று, கார் கிணற்று வாளி மாதிரி மேலே கிளம்பியது. இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, உள்ளே நாயகத்தின் தலை கூரையில் இடித்தது.

முதலில் பாய்ந்து பம்பரைப் பிடித்துத் தொங்கியவள் பூரணத்தம்மாள். அப்புறம் ராஜாமணி, அப்புறம் வரிசையில் நின்ற இடுப்புவலிகள், கழுத்துப்பிடிப்புகள், குதிகால்வாதங்கள் அத்தனையும் கதவைப் பிடித்து, கண்ணாடி இடுக்கைப் பிடித்து, டயரைக் கட்டிக்கொண்டு, நாலு நாளாக எந்த வண்டி உயரட்டும் என்று குலவையிட்டார்களோ அதே வண்டியைத் தங்கள் கனத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பிடித்தார்கள், வலியில் முனகினார்கள், ஒருவரும் விடவில்லை. “நீ வேலையைப் பாரு கனி,” என்று தொங்கிக்கொண்டே சொன்னாள் பூரணத்தம்மாள்.

கனி செம்புப் பட்டையின் முனையைத் திருப்பிப் பார்த்தாள். இரும்பைத் தொட வேண்டிய அந்த முகத்தில் கல்லாக இறுகிப்போன சந்தனம், அதற்கு மேல் குங்குமம், அதற்கு மேல் சந்தனம், மறுபடி குங்குமம், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதின்மூன்று ஆயுத பூஜை. கடைசியாக வைத்தது மட்டும் விரல் தடிமன், நாலு நாள் மஞ்சள்தண்ணீரில் ஊறிப் பொங்கியிருந்தது.

“என்னங்க, இதென்ன?”

மேலேயிருந்து அவர் குரல் வந்தது, திருட்டு மாட்டிக்கொண்ட குரல். “எர்த்துன்னா பூமாதேவி இல்லியாட்டி. மத்ததுக்கெல்லாம் வெளியே பொட்டு வைப்பேன், அவளுக்கு மட்டும் கழத்தி, உள்ளே வச்சு மாட்டுவேன். யாருக்கும் தெரியாது. இந்த வருசம் கொஞ்சம் கூடவே வச்சேன். உன்னைய வாரம் ரெண்டு தடவை ரோட்டுல அலைய விடுதேனே, அதுக்கு ஒரு வழி காட்டுன்னு.”

இந்த மனுஷன் இருபத்திரண்டு வருஷம் வயர் வயராகப் பிரித்துப் பார்த்த மெக்கானிக்குக்குச் சமமான டிரைவர், இந்த ஒரு இடத்தில் மட்டும் பக்தியை நடுவில் வைத்துக் கரண்டின் வழியை அடைத்திருக்கிறார், அதுவும் கனிக்காக. கோபப்பட நேரமில்லை, அழவும் நேரமில்லை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினாள், சந்தனம் பொருக்குப் பொருக்காக அவள் உள்ளங்கையில் விழுந்தது. உப்புத்தாளால் உரசினாள், செம்பு பளபளத்தது. இஞ்சினின் முகத்தையும் இரும்பு வெளுக்கிற வரைக்கும் உரசினாள். பிறகு கையை நீட்டி, உள்ளங்கைச் சந்தனத்தை எச்சில் தொட்டுக் குழைத்து, ஜன்னல் வழியாக அவர் நெற்றியில் வைத்தாள்.

“வைக்கிற இடம் இது,” என்றாள். “வழியும் இதான். நான் ஓட்டுவேன், நீங்க வரணும்.”

போல்ட்டு கடைசிப் பிரி வரைக்கும் இறுகியதும் கார் இறங்கியது, தொங்கியவர்கள் ஒவ்வொருவராகக் கால் ஊன்றினார்கள், நாலு டயரும் கோலத்தின் மேல் உட்கார்ந்தன, ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. நாயகத்தின் கனம் அவருக்குள் திரும்பி வந்தது, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “வலிக்குதுட்டி கனி, வலிக்குது,” என்றார். கனி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இஞ்சின் ஒரு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. பூரணத்தம்மாள் முழங்காலைத் தடவிக்கொண்டே அவர் பக்கத்துக் கதவை அழுத்திச் சாத்தினாள்.

“வலிக்கட்டும்,” என்று கியரைப் போட்டாள் கனி. “நான் பக்கத்துலதான் இருக்கேன்.”

கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் அவர் முனகிக்கொண்டே வந்தார், அவள் ஒரு இடத்திலும் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு முன்னால் எடை பார்க்கிற வழக்கம் உண்டு. கனி அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் எடை பார்க்கும் பலகையின் மேல் ஏற்றிவிட்டு, அவர் தானாக நிற்கிறாரா என்று பார்த்து, கையை எடுத்தாள். நர்ஸ் எண்ணைப் பார்த்து, பழைய சீட்டைப் பார்த்து, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள்.

“போன தடவை அறுபத்தொண்ணு. இப்ப அறுபத்தாறரை. அஞ்சரைக் கிலோ ஏறி வந்துருக்கீங்க, இவ்வளவு கனத்தை உடம்பு தாங்குமா? ஏம்மா, நான் திட்டிக்கிட்டு இருக்கேன், நீங்க என்ன சிரிக்கீங்க?”

“இன்னொரு தடவை சொல்லு தாயி, எவ்வளவு?”

“அறுபத்தாறரை.”

“அவ்வளவும் தரையில நிக்குதுல்லா,” என்றாள் கனி.